பாயெல்லாவும் முறைக்காய்ச்சலும்: வலென்சியாவின் சோற்று வரலாறு



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான இழை. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் ஒரு நாள் லீவு. ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் வலென்சியா என்ற ஊருக்குப் போய்விட்டு வருவோம். சாப்பாடு உண்டு, திருவிழா உண்டு, காது கிழியும் வெடிச்சத்தமும் உண்டு. எழுதுவது டாக்டர் என்பதால் நடுவில் காய்ச்சலும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயெல்லா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாயகன்ற, ஆழமே இல்லாத இரும்புத் தட்டில் மஞ்சளாகப் பரப்பி வைத்திருக்கும் சோறு. "ஸ்பெயின் நாட்டு பிரியாணி" என்று நம்ம யூடியூப் சேனல்களில் சொல்கிறார்கள். வலென்சியாக்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வந்துவிடுவார். 2016-ல் ஜேமி ஆலிவர் என்ற பிரிட்டிஷ் சமையல்காரர் அதில் சொரிசோ எனும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைப் போட்டுச் சமைத்துப் பதிவிட, ஸ்பெயினே திரண்டு வந்து திட்டித் தீர்த்தது.

இப்படிக் கோயில் பிரசாதம் போலக் காக்கப்படும் இந்தச் சோற்றுக்கான நெல்லை அதே மண்ணில் பயிரிடக்கூடாது என்று பல அரசர்கள் தடை போட்டிருக்கிறார்கள். ஒரு முறை இரு முறை அல்ல. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்பத் தடை.

ஏன்? நெல் விளைந்த இடத்தில் மக்கள் செத்தார்கள். அதுதான் காரணம்.

கதையை முதலில் இருந்து வருவோம்.

வலென்சியா ரோமானியர்கள் கி.மு. 138-ல் உருவாக்கிய ஊர். எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் கைக்கு வந்தது. சுமார் ஐந்நூறு வருடம் அவர்கள் ஆட்சிதான். நடுவில் எல் சித் என்ற வீரர் 1094-ல் பிடித்துச் சில ஆண்டுகள் வைத்திருந்தார். பிறகு 1238-ல் அரகான் அரசர் முதலாம் ஜாயுமே ஊரைக் கைப்பற்றி, அக்டோபர் 9-ம் தேதி உள்ளே நுழைந்தார். இன்றைக்கும் அந்தத் தேதி அங்கே பெரிய விழா. அன்று ஆண்கள் தங்கள் மனைவிக்கோ காதலிக்கோ ஒரு கைக்குட்டையில் பாதாம் மாவில் செய்த குட்டிக் குட்டிப் பழங்களையும் காய்களையும் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். அந்த ஊர்க் காதலர் தினம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரபியர் விட்டுப்போனவற்றில் முக்கியமானது தண்ணீர் மேலாண்மை. துரியா ஆற்றில் இருந்து வாய்க்கால் வெட்டி ஊரைச் சுற்றி இருக்கும் தோட்ட நிலம் முழுவதற்கும் பாய்ச்சினார்கள். வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் உள்ள "அசெக்கியா" என்ற சொல்லே அரபியில் இருந்து போனதுதான். நெல்லைக் குறிக்கும் "அரோஸ்" என்ற சொல்லும் அப்படியே. (நம் "அரிசி"தான் கிரேக்கம் வழியாக அங்கே போனது என்று ஒரு கருத்து நம்மிடம் பிரபலம். மொழியியலாளர்களிடையே அதில் ஒருமித்த முடிவு இல்லை. எனவே காலர் தூக்க வேண்டாம்.)

அந்த வாய்க்கால் முறைக்கு இன்றும் ஒரு பஞ்சாயத்து உண்டு. வாராவாரம் வியாழக்கிழமை, நண்பகல் 12 மணி, கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசல். கறுப்பு அங்கி அணிந்த விவசாயிகள் அரைவட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். 8 வாய்க்கால்களுக்கு 8 பேர், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். ஒவ்வொரு வாய்க்கால் பெயராகக் கூப்பிட்டு, அதில் யார் மீதாவது புகார் உண்டா என்று கேட்பார்கள். "இவன் முறை தவறித் தண்ணி திருப்பிட்டான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்ல, வாய்மொழியாகவே விசாரணை முடிந்து அங்கேயே தீர்ப்பு. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. எந்த வாய்க்காலின் வழக்கோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். கதீட்ரல் இருக்கும் இடத்தில் முன்பு மசூதி இருந்தது. அதன் வாசலில் கூடிய வழக்கமே தொடர்கிறது என்பது ஊர் நம்பிக்கை. 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. சிவில் கேஸுக்கு இருபது வருடம் அலைந்தவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துப் பெருமூச்சு விடலாம்.

இந்த முறையை வயலில் நடத்திக்காட்டிய முஸ்லிம் வம்சத்து விவசாயிகளை 1609-ல் மூன்றாம் பிலிப் நாடு கடத்தினார். வலென்சியா ராஜ்ஜியத்தின் மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கப்பலேறியது. வாய்க்கால் இருந்தது, வெட்டியவர்களின் வாரிசுகள் இல்லை.

சரி, நெல்லுக்கு வருவோம்.

ஊருக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் அல்புஃபெரா என்ற பெரிய ஏரி. அரபியில் "சின்னக் கடல்" என்று பொருள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டுதான். சுற்றிலும் சதுப்பு. உப்பும் சேறும் கலந்த அந்த மண்ணில் கோதுமை வராது, திராட்சை வராது. நெல் வரும். நெல்லுக்குக் கட்டும் தண்ணீரே உப்பை அலசிக் கீழே இறக்கிவிடும். நிலமில்லாத ஏழைக்கு அந்தச் சேறுதான் கிடைத்தது. ஏரியில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கையளவு வயல் உண்டாக்கி, அதில் நெல் போட்டார்கள். வலென்சியாவில் பிறந்த விசென்ட் பிளாஸ்கோ இபான்யெஸ் 1902-ல் எழுதிய நாவல் ஒன்றில், வாழ்நாள் முழுக்கப் படகு படகாக மண் கொண்டுவந்து ஏரியை வயலாக்கும் ஒரு விவசாயி வருகிறார். கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அல்புஃபெரா உண்மையில் அப்படித்தான் சுருங்கியது. இன்று அங்கே ஏரியை விட வயல்களின் பரப்பு பல மடங்கு.

அந்த வயல்களில் மே மாதம் தண்ணீர் கட்டினால் செப்டம்பர் அறுவடை வரை நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாத வெயில், ஆழமில்லாத, அசையாத தண்ணீர்.

இப்போ உங்களுக்கே புரிந்திருக்கும், யார் முட்டையிட வருவார் என்று.

அனோபிலஸ் கொசு! நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் வரும் டெங்குக் கொசுவின் உறவினர். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டிச் சுமார் இரண்டு வாரத்தில் பறக்கத் தயார். கடிக்கும்போது மலேரியா கிருமியை உள்ளே விடும். வலென்சியாவில் அதிகம் இருந்தது வைவாக்ஸ் என்ற வகை. குளிர் நடுக்கம், பிறகு கொதிக்கும் ஜுரம், பிறகு வேர்த்து ஊற்றித் தணியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறுபடி வரும். வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள். அதனால் ஸ்பானியர்கள் வைத்த பெயர் "தெர்சியானா", மூன்றாம் நாள் காய்ச்சல். நம் பாட்டிமார் "முறைக்காய்ச்சல்" என்று சொன்னதும் இதே கணக்கில்தான்.

வைவாக்ஸ் கிருமிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கல்லீரலுக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிடும். பல மாதம் கழித்து எழுந்து வரும். குளிர்காலத்தில் கொசு குறைந்தாலும் கிருமி மனித உடம்புக்குள் பத்திரமாக இருந்து, அடுத்த வருடம் புதுக் கொசு வரும்போது தயாராக நிற்கும். பனிக்காலம் உள்ள ஊரில் மலேரியா நூற்றாண்டுக் கணக்கில் தங்கியதன் ரகசியம் இதுதான்.

வைவாக்ஸ் பெரும்பாலும் ஒரே அடியாகக் கொல்லாது. இரத்த அணுக்களை உடைத்து உடைத்து ஆளை வெளுக்க வைக்கும். மண்ணீரல் வீங்கும். கர்ப்பிணிக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும். அப்புறம் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கோ நிமோனியாவோ வந்து ஆளை முடித்துவிடும். இறப்புப் பதிவேட்டில் மலேரியா என்று இருக்காது. ஆனால் ஊரில் சவப்பெட்டி மட்டும் அதிகமாகப் போகும்.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. அவர் டாக்டர் இல்லை, பாதிரியார். அந்தோனியோ ஹோசே கவனியெஸ், 1745-ல் வலென்சியாவில் பிறந்தவர். தாவரவியல் நிபுணர். நம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்க்கிறோமே டாலியா, அந்தப் பூவுக்குப் பெயர் வைத்தவர் இவர்தான். ராஜ்ஜியம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி, 1795-லும் 1797-லும் இரண்டு தடித்த தொகுதிகள் வெளியிட்டார். மண், மலை, பயிர், மக்கள் எல்லாம் அதில் உண்டு.

நெல் பகுதிக்கு வந்தபோது அவர் சர்ச்சுகளின் பதிவேடுகளைத் திறந்தார். இந்த ஊரில் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை அடக்கம்? நெல் போடாத பக்கத்து ஊரில் எத்தனை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நெல் ஊர்களில் பிறப்புக்கு ஈடாகச் சாவு, சில இடங்களில் அதைவிட அதிகம். வெளியில் இருந்து கூலிக்கு ஆள் வந்துகொண்டே இருப்பதால்தான் ஊர் காலியாகாமல் இருக்கிறது என்றார்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். லண்டனில் ஜான் ஸ்நோ காலரா சாவுகளைக் கணக்கெடுத்துக் குடிதண்ணீர்க் குழாயைக் கைகாட்டியது 1854-ல். மலேரியா கிருமியை லாவெரான் அல்ஜீரியாவில் கண்டது 1880-ல். கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் அதை நம் செகந்திராபாத்தில் பார்த்தது 1897-ல். அதற்கு நூறு வருடம் முன்பு ஒரு பாதிரியார் ஒப்பீட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்குக் கொசு தெரியாது. அழுகும் சேற்றில் இருந்து எழும் கெட்ட காற்று என்றுதான் நம்பினார். காரணம் தப்பு, கணக்கு சரி. கொள்ளைநோய் இயல் படிக்கும் எங்கள் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது ராஸ் கதையை அல்ல, இந்தக் கதையைத்தான்.

அரசர்கள் போட்ட தடையும் அந்தக் காற்றை நம்பித்தான். பிறகு ஏன் தடை நிற்கவில்லை?

பணம், வேறென்ன! நெல்லுக்கு நல்ல விலை. ஜமீனுக்குக் குத்தகை, சர்ச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு, அரசனுக்கு வரி. பதினெட்டாம் நூற்றாண்டில் சதுப்புக்கு வெளியே நல்ல மேட்டு நிலத்துக்கும் வாய்க்கால் இழுத்து நெல் போட ஆரம்பித்தார்கள். கவனியெஸ் அதைத்தான் கடுமையாக எதிர்த்தார். இயற்கையான சதுப்பில் போடுங்கள், காய்ந்த நிலத்தைச் சதுப்பாக்காதீர்கள் என்றார்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. நெல்லை நிறுத்தினால் சதுப்பு அப்படியே கெட்டுக் கிடக்கும், அதே காய்ச்சல் வரும், கூடவே பட்டினியும் வரும் என்று புத்தகம் போட்டு வாதாடினார்கள். சதுப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதத்தை அச்சில் ஏற்றியவர்களில் யாரும் ஆகஸ்ட் மாதத்தில் முழங்கால் சேற்றில் நின்றவர்கள் அல்ல என்பது என் சந்தேகம். நின்றவர்களுக்கு இரண்டே வழி. வயலுக்குப் போனால் காய்ச்சல் வரலாம். போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, அது நிச்சயம். என் கிளினிக்கிலும் "ரெண்டு நாள் லீவு போடுங்க" என்று சொன்னதும் சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டால் வலென்சியா உழவரின் நிலைமை விளங்கும்.

அந்த வயல்காட்டு மதியச் சாப்பாடுதான் பாயெல்லா.

பாயெல்லா என்றால் அந்த ஊர் மொழியில் வாணலி, அவ்வளவுதான். பாத்திரத்தின் பெயரே சோற்றுக்கு வந்துவிட்டது. வலென்சியா பாயெல்லாவில் என்னென்ன இருக்கும்? ஆலிவ் எண்ணெய், கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரஃபோ என்ற பெரிய வெள்ளைக் கொட்டை, தக்காளி, குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. சிலர் நத்தை போடுவார்கள், சிலர் ரோஸ்மேரி. கர்ரஃபோ நமக்குப் புதிது இல்லை. நம் மார்க்கெட்டில் "டபுள் பீன்ஸ்" என்று வாங்குகிறோமே, அதே இனம். தக்காளி, டபுள் பீன்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. எனவே "ஆதிகாலத்துப் பாயெல்லா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறாலும் சிப்பியும் போட்ட பாயெல்லா கடற்கரை வழக்கம். வயல்காட்டில் கிடைத்தது கோழியும் முயலும். அல்புஃபெரா பக்கம் வயலெலியையும் போட்டார்கள். முகம் சுளிக்க வேண்டாம். வயலெலி சாப்பிடும் வழக்கம் நம் டெல்டாவிலும் உண்டு.

ஆரஞ்சு மரக் கட்டையில் நெருப்பு. இறைச்சியை வதக்கி, காய் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசியைப் பரப்பிவிட்டால் அப்புறம் கரண்டியைத் தொடக்கூடாது. கிளறினால் மாவுச்சத்து வெளியே வந்து கூழாகிவிடும். அரிசி குட்டையும் குண்டுமான ரகம். அதில் "போம்பா" என்பது நிறைய சாறு குடித்தும் உடையாது. அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல் என்பதே காரணம். சாறு வற்றி அடியில் லேசாகப் பிடிக்கும் பாருங்கள், அதன் பெயர் சொக்கர்ராட். நம்ம ஊர் காந்தல். அதற்குத்தான் அடிதடி. தட்டை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, மரக்கரண்டியால் அவரவர் முன்னால் இருக்கும் பங்கை மட்டும் விளிம்பில் இருந்து நடு நோக்கிச் சாப்பிட வேண்டும். ஞாயிறு மதியம் குடும்பமாக. இரவில் பாயெல்லா கேட்பவர் டூரிஸ்ட் என்று அர்த்தம்.

மஞ்சள் நிறம் குங்குமப்பூவில் இருந்து வரவேண்டும். விலை காரணமாகப் பல வீடுகளில் பாக்கெட் கலர்பொடிதான். டார்ட்ரசின். நம் கேசரிப் பவுடரின் அண்ணன். அங்கேயும் அதே கதை!

அல்புஃபெரா கரையில் எல் பால்மார் கிராமத்தில் விலாங்கு மீனைப் பூண்டும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் குழம்பு வைப்பார்கள். ஊருக்கு வடக்கே அல்போராயா பக்கம் ஒரு கிழங்கு பயிராகிறது. நம் வயலில் களையாகப் பிடுங்கி எறியும் கோரைக்கிழங்கின் தங்கச்சி முறை. அதை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துச் சர்க்கரை போட்டுக் குளிர வைத்தால் ஒர்ச்சாத்தா. கூடவே ஒரு நீளமான இனிப்பு பன், முக்கிச் சாப்பிட. சுகர் பேஷண்ட்டுகள் பன்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடவும்.

பாயெல்லா ரசிகர்களில் எங்கள் துறைப் பெருமகனார் ஒருவர் உண்டு. சந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பு மண்டலம் தனித்தனி செல்களால் ஆனது என்று காட்டி 1906-ல் நோபல் வாங்கியவர். 1884-ல் இருந்து 1887 வரை வலென்சியாவில் உடற்கூறியல் பேராசிரியர். அங்கே நண்பர்களோடு "காஸ்டர் கிளப்" என்று ஒன்று வைத்திருந்தார். காஸ்டர் என்றால் வயிறு. ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவது, பாயெல்லா சாப்பிடுவது, அரசியல் பேசாமல் இருப்பது. நல்ல கொள்கை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். இளம் வயதில் கியூபாவில் ராணுவ டாக்டராக இருந்தபோது மலேரியாவில் அடிபட்டு மெலிந்து திரும்பியவர் அவர்.

1885-ல் வலென்சியாவில் காலரா. அந்த ஆண்டு ஸ்பெயின் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது கட்டலோனியாவில் இருந்து ஜாயுமே ஃபெர்ரான் என்ற டாக்டர் வந்தார். உயிருள்ள காலரா கிருமியையே ஊசியில் ஏற்றி, அல்சீரா முதலான ஊர்களில் சுமார் 50,000 பேருக்குப் போட்டார். அல்சீரா நெல் விளையும் பகுதியில் உள்ள ஊர். பாக்டீரியா நோய் ஒன்றுக்கு மனிதர்களில் இவ்வளவு பேருக்குத் தடுப்பூசி போட்டது உலகிலேயே முதல் முறை. செய்முறை விவரத்தை முழுதாக வெளியே சொல்லாததால் வெளிநாட்டு நிபுணர்கள் சந்தேகப்பட்டார்கள். அரசு குறுக்கிட்டது. கஹாலும் அந்த ஊசியை ஏற்கவில்லை. இதற்கிடையே காலரா பற்றி ஆராய்ந்து அறிக்கை கொடுத்ததற்காக சரகோசா மாகாண நிர்வாகம் கஹாலுக்கு ஒரு சைஸ் மைக்ரோஸ்கோப் பரிசளித்தது. வாழ்க்கையில் அவர் கைக்கு வந்த முதல் தரமான கருவி. ஃபெர்ரானுக்கு 1907-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் பரிசு வந்தது, 22 வருடம் கழித்து. ஹாஃப்கின் கல்கத்தாவில் காலரா ஊசி போட்டதெல்லாம் ஃபெர்ரானுக்குப் பிறகுதான்.

சாப்பாடே பேசிவிட்டோம், திருவிழா எங்கே என்று கேட்பீர்கள்.

தக்காளி எறிகிற விழா வலென்சியா நகரில் இல்லை. அது சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி புன்யோல் என்ற சிற்றூரில். ஹிந்திப் படத்தில் பார்த்தது அதுதான். நகரத்தின் விழா ஃபாயாஸ். மார்ச் மாதம். தச்சர்கள் தங்கள் காவலரான புனித சூசையப்பர் நாளுக்கு முன் குளிர்காலத்து மரச்சாமான்களை எரித்ததில் இருந்து வந்தது என்பார்கள். நம் போகி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கிட்டத்தட்ட 400 தெருக்குழுக்கள் வருடம் முழுக்கக் காசு சேர்த்து, அரசியல்வாதிகளையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் கிண்டல் செய்யும் பிரம்மாண்டமான பொம்மைக் கோபுரங்கள் கட்டி, மார்ச் 19 இரவு அத்தனையையும் கொளுத்திவிடுவார்கள். 1934-ல் இருந்து வருடா வருடம் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொம்மைக்கு மட்டும் மன்னிப்பு கொடுத்து மியூசியத்துக்கு அனுப்புகிறார்கள். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகர்மன்றச் சதுக்கத்தில் வெடி. சத்தம் 120 டெசிபல் வரை போகும். காது டாக்டர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

2020 மார்ச் 10 அன்று கொரோனாவால் விழா நிறுத்தப்பட்டது. நகர்மன்றச் சதுக்கத்தில் தியானத்தில் இருக்கும் பெண்ணின் பிரம்மாண்ட உருவம் பாதி எழும்பி நின்றிருந்தது. அதன் முகத்துக்கு ஒரு மாஸ்க் கட்டினார்கள். அடுத்த ஃபாயாஸ் நடந்தது 2021 செப்டம்பரில்தான்.

மார்ச் 17, 18 தேதிகளில் பட்டாடை அணிந்த பெண்கள் வரிசையாக வந்து மாதாவுக்குப் பூ கொடுப்பார்கள். "கைவிடப்பட்டோரின் மாதா". செல்லப் பெயர் "குட்டிக் கூனி". சிலையின் தலை முன்னால் சாய்ந்திருக்கும். இந்த மாதாவின் பிறப்பிடம் ஒரு மனநல மருத்துவமனை என்றால் நம்புவீர்களா?

1409 பிப்ரவரியில் ஜோஃப்ரே என்ற துறவி கதீட்ரலுக்குப் பிரசங்கம் செய்யப் போகிறார். வழியில் மனநிலை பாதித்த ஒருவரைச் சிலர் கல்லால் அடித்துக் கிண்டல் செய்கிறார்கள். தடுத்துக் காப்பாற்றுகிறார். அன்றைய பிரசங்கமே அதுதான் ஆனது. கேட்டுக்கொண்டிருந்த வணிகர் பத்துப் பேர் முன்வந்து, அடுத்த வருடமே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஐரோப்பாவில் மனநோயாளிகளுக்கென்றே தொடங்கப்பட்ட முதல் மருத்துவமனை என்று இதைத்தான் சொல்வார்கள். (பாக்தாத், கெய்ரோ மருத்துவமனைகளில் அதற்கும் முன்பே தனிப்பிரிவு இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.) அந்த மருத்துவமனையின் சகோதரத்துவ அமைப்பு அநாதைப் பிணங்களையும் அடக்கம் செய்தது. அப்போது சவப்பெட்டி மீது படுக்க வைத்த சிலைதான் இது, படுத்த தலைக்கு அணை இருந்ததால் நிமிர்த்தி வைத்ததும் குனிந்த மாதிரி தெரிகிறது என்பது பரவலான விளக்கம். ஆறு நூறு வருடம் முன்பு தெருவில் கல்லடி பட்ட ஒரு நோயாளியின் பெயர் வரலாற்றில் இல்லை. பூக்கள் மட்டும் வருடா வருடம் வருகின்றன.

மலேரியா என்ன ஆயிற்று? கொயினா மலிந்தது. வீடுகள் மாறின. டி.டி.டி. வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஒரு முறை மீண்டும் தலைதூக்கி அடங்கியது. 1964-ல் ஸ்பெயின் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தப் போரில் ஒரு சிப்பாய் கம்பூசியா மீன். கொசுப்புழு தின்ன அமெரிக்காவில் இருந்து 1921-ல் ஸ்பெயினுக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கிணற்றில் சுகாதாரத்துறை விடுகிறதே, அதேதான். அது அல்புஃபெரா பகுதியிலும் பெருகி, உலகில் அந்தக் கடற்கரைப் பக்கம் மட்டுமே வாழும் சமருக் என்ற குட்டி மீனை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. சமருக்கின் அறிவியல் பெயரே "வலென்சியா"தான்!

தண்ணீர் அந்த ஊரை இன்னும் விடவில்லை. 1957 அக்டோபர் 14-ல் துரியா பொங்கி நகரத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப் படுகையைப் பூங்காவாக்கினார்கள். 2024 அக்டோபர் 29-ல் மேற்கே துரீஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை. புதிய ஆற்றுக்கும் தெற்கே உள்ள போயோ ஓடை வழியாக வெள்ளம் இறங்கியது. நகரம் தப்பியது. பைபோர்த்தா, கத்தரோஜா போன்ற தெற்குச் சிற்றூர்கள் மூழ்கின. மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்ட உயிர்கள். செல்போனுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8:11-க்கு. அப்போது பலர் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தார்கள். சென்னைவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். காரும் கட்டிலும் பீரோவுமாக வெள்ளம் கொண்டுபோன அத்தனையும் கடைசியில் அல்புஃபெரா நெல்வயல்களில் போய்ப் படிந்தன.

இப்போது அங்கே நடக்கும் சண்டை வைக்கோலுக்கு. அறுவடை முடிந்ததும் மிஞ்சும் வைக்கோலை எரித்தால் சுற்றியுள்ள ஊர்களில் புகை மூட்டம், ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு. எரிக்காமல் விட்டு வழக்கம்போல நவம்பரில் வயலில் தண்ணீர் கட்டினால் வைக்கோல் அழுகி ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. வாரி எடுத்துச் சேற்றில் இருந்து வெளியே கொண்டுவரச் செலவு அதிகம், அந்தச் செலவை யார் ஏற்பது என்று அறுவடை முடிந்த ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் விவசாயிகளும் அரசும் சூழலியலாளர்களும் மோதுகிறார்கள்.